பிரவுனிங் ஆட்டோ-5: பராமரிப்பு, மாற்றங்கள், துணைக்கருவிகள்

பிரவுனிங் ஆட்டோ-5 என்பது அமெரிக்க ஆயுத வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரவுனிங் உருவாக்கிய அரைத் தானியங்கி ஷாட்கன். பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரிலுள்ள எஃப்.என். தொழிற்சாலை 1903இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெருமளவில் தயாரிக்கப்பட்டு வெற்றி கண்ட முதல் அரைத் தானியங்கி ஷாட்கன் இதுவே. தோட்டாக் குழாயில் நான்கு, தோட்டா அறையில் ஒன்று என ஐந்து தோட்டாக்கள் கொள்வதால் இந்தப் பெயர். இயங்கும் பாகங்களை உள்ளடக்கிய ரிசீவரின் பின்பகுதி செங்குத்தாக இறங்கும் கூன்போன்ற அமைப்பைக் கொண்டே தூரத்திலிருந்தும் இதை அடையாளம் காணலாம். உற்பத்தி 1998இல் நின்றபோதிலும் லட்சக்கணக்கான ஆட்டோ-5 துப்பாக்கிகள் இன்றும் வாத்து வேட்டையிலும் களிமண் தட்டுப் போட்டிகளிலும் பயன்படுகின்றன. நூறாண்டு பழைய துப்பாக்கியும் அன்றாடப் புழக்கத்தில் இருப்பதால், இதன் பராமரிப்பும் இதில் செய்யத்தக்க, செய்யத்தகாத மாற்றங்களும் தனித்துறையாகவே வளர்ந்துவிட்டன.

வரலாறு

யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் 1855இல் பிறந்த பிரவுனிங், ஒவ்வொரு தோட்டாவும் வெடிக்கும்போது வீணாகும் ஆற்றலைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் வழியை 1890களில் பல ஆயுதங்களில் சோதித்தார். ஷாட்கனில் இதைச் செய்வது மிகக் கடினம். அக்காலத் தோட்டாக்களின் உடல் காகிதத்தால் ஆனது. ஈரத்தில் ஊதும், அடிபட்டால் நசுங்கும். தோட்டாவுக்குத் தோட்டா வெடிமருந்தின் அளவும் சிறுகுண்டுகளின் எடையும் மாறின. ஒரே இயந்திரம் இவை எல்லாவற்றையும் ஏற்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வுக்கு அமெரிக்கக் காப்புரிமை 1900இல் கிடைத்தது.

அதுவரை தன் வடிவங்களை வாங்கிவந்த வின்செஸ்டர் நிறுவனத்திடமே பிரவுனிங் முதலில் போனார். மொத்த விலைக்குப் பதிலாக விற்பனையில் பங்கு கேட்டார், வின்செஸ்டர் மறுத்தது. அடுத்து ரெமிங்டனின் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லியைச் சந்திக்க 1902 ஜனவரியில் காத்திருந்தபோது, ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துவிட்ட செய்தி வந்தது. அதன்பின் கப்பலேறிய பிரவுனிங், தன் கைத்துப்பாக்கிகளை ஏற்கெனவே தயாரித்துவந்த எஃப்.என். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அமெரிக்காவில் விற்கத் தானே 10,000 துப்பாக்கிகளுக்கு ஆணை கொடுத்தார்.

அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியதும் பெல்ஜியத்திலிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகவில்லை. உரிமம் பெற்ற ரெமிங்டன், 1905 முதல் இதே வடிவத்தைத் தன் பெயரில் தயாரித்தது. பின்னாளில் அதற்கு ‘மாடல் 11’ என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை எர்ஸ்டாலைப் பிடித்தபோது, பிரவுனிங் நிறுவனத்துக்காகவும் ரெமிங்டனே துப்பாக்கி செய்துகொடுத்தது. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘அமெரிக்கன் பிரவுனிங்’ என்கிறார்கள். 1970களின் நடுப்பகுதியில் உற்பத்தி ஜப்பானின் மிரோக்கு நிறுவனத்துக்கு மாறியது. ஆகவே ஆட்டோ-5 என்று ஒருவர் சொல்லும்போது அது பெல்ஜியத்தில் செய்ததா, அமெரிக்காவிலா, ஜப்பானிலா என்று கேட்டாக வேண்டும். பராமரிப்பில் பல விடைகள் அதைப் பொறுத்தே அமைகின்றன.

போர்க்களத்திலும் இதற்கு இடமிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையின் சுடுநர்களுக்கு நகரும் இலக்கைச் சுடும் பயிற்சி மாடல் 11 கொண்டே அளிக்கப்பட்டது. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரநிலைக் காலத்தில், காட்டு ரோந்துகளில் முன்னே சென்ற பிரித்தானியப் படையினர் ஆட்டோ-5ஐ ஏந்தினர்.

இயங்கும் முறை

மற்றத் துப்பாக்கிகளில் குழல் அசையாத பாகம். ஆட்டோ-5இல் குழலே இயங்கும் பாகம். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் துப்பாக்கியில் திருகாணி ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

விசையை இழுத்ததும் குழலும், தோட்டா அறையின் பின்புறத்தை மூடும் போல்ட்டும் ஒன்றோடொன்று பூட்டிய நிலையிலேயே பின்னோக்கி நகர்கின்றன. தோட்டாவின் முழு நீளத்துக்கும் சற்று அதிகமான தூரம் அவை சேர்ந்தே போகும். பின்னெல்லையில் போல்ட் பிடித்து நிறுத்தப்படுகிறது. பூட்டு அவிழ்ந்து, குழல் மட்டும் தன் சுருள்வில்லின் தள்ளலால் முன்னே திரும்புகிறது. அப்போது காலித் தோட்டா போல்ட்டிலேயே தங்கி, பின் பக்கவாட்டில் எறியப்படுகிறது. அடுத்த தோட்டா மேலேறியதும் போல்ட் விடுபட்டு முன்னே பாய்ந்து, அதை அறைக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்கிறது. இதற்கு ‘நீள் பின்னுதைப்பு’ முறை என்று பெயர். சுடுபவரின் தோளில் இரட்டை உதைபோல ஓர் உணர்வு ஏற்படுவது குழல் போய்வருவதால்தான்.

குழலின் அடியில் ஒரு வளையம் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தோட்டாக் குழாயின் மீது வழுக்கி ஓடும். அதே குழாயைச் சுற்றியே பெரிய பின்னுதைப்புச் சுருள்வில்லும் இருக்கிறது. குழலின் ஓட்டத்தைத் தடுத்து வேகம் குறைப்பவை இரண்டு: இந்தச் சுருள்வில், அதோடு சேர்ந்த உராய்வு வளையங்கள். பிரவுனிங்கின் நுட்பம் முழுவதும் இந்த வளையங்களில் இருக்கிறது.

உராய்வு வளையங்களின் அமைப்பு

வழக்கமான 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) ஆட்டோ-5இல் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று, பிளவுபட்ட வெண்கல உராய்வு வளையம். இரண்டாவது, உட்புறம் ஒருபக்கம் சரிவாகக் கடையப்பட்ட எஃகு வளையம். குழல் பின்னே வரும்போது, குழலடி வளையத்தின் சரிவு வெண்கல வளையத்தின் ஒரு முனையை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட வெண்கலம் தோட்டாக் குழாயை இறுகப் பிடித்து, பிரேக் போல வேலை செய்கிறது. எஃகு வளையத்தின் சரிவு வெண்கலத்தின் மறுமுனையைப் பார்த்து வைக்கப்பட்டால் இரண்டு முனையும் நெருக்கப்படும், பிடி கூடும்.

ஆகவே இரண்டு வரிசைகள். கனத்த தோட்டாவுக்கு, ரிசீவரிலிருந்து முன்னோக்கி முதலில் சுருள்வில், அதன்மேல் எஃகு வளையம், அதன் சரிவுப் பக்கத்தைத் தொட்டபடி வெண்கல வளையம், பிறகு குழல். இலகுவான தோட்டாவுக்கு, எஃகு வளையம் ரிசீவரை ஒட்டி அடியில் போய்விடும். அதன்மேல் சுருள்வில், அதன்மேல் வெண்கல வளையம் மட்டும். 1958இல் வந்த 3 அங்குல மேக்னம் துப்பாக்கியில் இரண்டு வெண்கல வளையங்கள் உண்டு. அதை வழக்கமான 12 கேஜின் வரிசையில் பூட்டக் கூடாது. முன்கட்டையின் உட்புறத்திலோ உடன்வரும் கையேட்டிலோ இந்த வரிசையின் படம் இருக்கும். பழைய துப்பாக்கிகளில் அது மறைந்தோ தொலைந்தோ போயிருக்கும்.

வரிசை தவறினால் என்ன ஆகும்? கனத்த தோட்டாவை இலகுவான அமைப்பில் சுட்டால், குழலும் போல்ட்டும் தடையின்றிப் பாய்ந்து ரிசீவரின் பின்சுவரை அறைகின்றன. துப்பாக்கி நின்றுவிடாது; மிக நன்றாகவே சுடும், காலித் தோட்டாக்களை வெகுதூரம் எறியும். இதுதான் ஆபத்து. உரிமையாளர் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்க, முன்கட்டையில் மயிரிழை விரிசல் விழுந்து, பின்கட்டையின் கழுத்துவரை சேதம் பரவுகிறது. விற்பனைக்கு வரும் பழைய ஆட்டோ-5களில் விரிசலுள்ள முன்கட்டை அவ்வளவு சாதாரணமாகக் காணப்படுவதற்கு இதுவே முதற்காரணம். எதிர்த்தவறு தீங்கற்றது. இலகுவான தோட்டாவைக் கனத்த அமைப்பில் சுட்டால், குழல் முழுத்தூரம் போகாமல் காலித் தோட்டா வாயில் சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

எனவே ஐயமிருந்தால் கனத்த அமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். காலித் தோட்டா சரியாக வெளியேறாவிட்டால் மட்டும் இலகுவான அமைப்புக்கு மாற்றலாம். தோட்டா வகையை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை தேவை. களிமண் தட்டுக்கான இன்றைய இலகுத் தோட்டாவைச் சுட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே அமைப்போடு வாத்து வேட்டைக்குக் கிளம்புவதுதான் பலர் செய்யும் பிழை.

எண்ணெய்

தோட்டாக் குழாயின் வெளிப்பரப்பில் எண்ணெய் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் தலைமுறை தலைமுறையாக வாதம் நடக்கிறது. இயக்கத்தை யோசித்தால் விடை தெளிவு. பிரேக்கின் பிடி உராய்வில்தான் இருக்கிறது. எண்ணெய் வழிய வழியப் பூசினால் பிடி நழுவி, கனத்த அமைப்பும் இலகுவான அமைப்பைப் போலவே நடந்துகொள்ளும். முற்றிலும் காய்ந்திருந்தால் பிடி மிகுந்து இயக்கம் தடுமாறும், வெண்கலமும் தேயும். மெல்லிய எண்ணெய் தோய்ந்த துணியால் குழாயை ஒருமுறை துடைத்து, பிறகு காய்ந்த துணியால் மேலோட்டமாக வருடிவிட்டால் எஞ்சும் படலமே போதுமானது. கெட்டியான கிரீஸ் இங்கே ஆகாது. குளிரில் அது இறுகி இயக்கத்தையே நிறுத்திவிடும்.

துப்புரவு

பிரிக்கும் முன் தோட்டா அறையையும் தோட்டாக் குழாயையும் கண்ணாலும் விரலாலும் சோதித்துக் காலி என்று உறுதிசெய்ய வேண்டும். அறையைக் காலிசெய்யப் போல்ட்டை இழுத்தவுடன் குழாயிலிருந்து அடுத்த தோட்டா மேலேறக்கூடிய இயந்திரம் இது. ஒன்றை எடுத்தாயிற்று என்பதால் துப்பாக்கி காலியாகிவிடாது. பின்னர் குழலைச் சற்றே பின்னுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்மூடியைத் திருகி எடுத்து, முன்கட்டையைக் கழற்ற வேண்டும். அழுத்தத்தை மெல்ல விட்டால் குழல் தானே முன்னே வரும். அழுத்தாமல் மூடியைத் திருப்பினால் சுருள்வில்லின் விசையெல்லாம் முன்கட்டையின் மெல்லிய மரத்தில் விழும்.

குழலின் உட்புறத்தைப் பித்தளைத் தூரிகையாலும் கரைப்பானாலும் தேய்த்து, எண்ணெய்த் துணி ஓட்டினால் போதும். இன்றைய தோட்டாக்கள் விட்டுச்செல்வது பெரும்பாலும் நெகிழிப் படிவம். அது தோட்டா அறையின் முன்சரிவிலும் குழல்வாயருகே குறுகும் சோக் பகுதியிலும் சேரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தோட்டாக்களில் வேறு சிக்கல் இருந்தது. அவற்றின் கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகக் குழலில் படிந்தது. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். சூடான நீர் ஊற்றிக் கழுவாத குழல்களில் எல்லாம் துருக்குழிகள் விழுந்தன. பழைய துப்பாக்கி வாங்குபவர் குழலுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

வாயுவால் இயங்கும் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் ஆட்டோ-5இன் பெருஞ்சிறப்பு இங்கே தெரியும். ரெமிங்டன் 1963இல் வெளியிட்ட 1100 போன்றவை, குழலில் துளையிட்டு வெடிவாயுவின் ஒரு பகுதியைத் திருப்பி பிஸ்டனைத் தள்ளுகின்றன. உதை குறைவு, சுட இதம். ஆனால் கரி முழுவதும் பிஸ்டனிலும் தோட்டாக் குழாயிலும் படியும். வாயுத் துளைகளைத் துப்புரவாக்குவதும் ரப்பர் வளையம் வெடித்தால் மாற்றுவதும் அங்கே வழக்கமான வேலை. ஆட்டோ-5இல் கரி குழலோடு நின்றுவிடுகிறது. இயங்கும் பாகங்களில் எண்ணெய்ப் பசையில் ஒட்டிய தூசிதான் எதிரி.

பலரும் மறக்கும் இடம் பின்கட்டைக்குள் இருக்கிறது. போல்ட்டை முன்னே தள்ளும் சுருள்வில், கட்டைக்குள் ஓடும் ஒரு குழாயில் அடங்கியுள்ளது. மழையில் நனைந்த துப்பாக்கியில் அங்கே நீர் தேங்கித் துருவாகும். போல்ட் மந்தமாக மூடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. அதைக் கழற்றுவது அனுபவம் உள்ளவருக்கான வேலை. ஆட்டோ-5இன் பெரிய திருகாணிகள் தளராமல் இருக்க, பக்கத்தில் சிறிய பூட்டுத் திருகாணிகள் உண்டு. அவற்றை முதலில் எடுக்க வேண்டும். காடி அகலத்துக்கு இம்மியும் பிசகாத திருப்புளி இல்லாவிட்டால் தலைகள் சிதைந்துபோகும். எர்ஸ்டால் கைவினைஞர்கள் அரத்தால் பொருத்திய பாகங்கள் இவை. சிதைந்த திருகாணித் தலைகள் துப்பாக்கியின் விலையைக் குறைப்பதோடு, முன்பு கைவைத்தவர் எப்படிப்பட்டவர் என்பதையும் காட்டிவிடும்.

சுடாமல் வைக்கும்போது குழல்வாய் கீழாக இருக்கும்படி சாய்த்து வைப்பது நல்லது. நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கிப் பின்கட்டையின் கழுத்தில் ஊறும். எண்ணெய் ஊறிய மரம் மென்மையாகி, பின்னுதைப்பில் பிளக்கும்.

மாற்ற வேண்டிய பாகங்கள்

பின்னுதைப்புச் சுருள்வில் காலப்போக்கில் தளரும். அரை நூற்றாண்டு பழைய துப்பாக்கியில் முதல் வில்லே இன்னும் இருந்தால், அதை மாற்றாமல் கனத்த தோட்டா சுடுவது மரத்துக்குச் செய்யும் துரோகம். வில்லின் விலை சொற்பம்; பெல்ஜிய முன்கட்டை ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. வெண்கல வளையத்தில் வெடிப்பும் அதைச் சுற்றிய வில்லில் முறிவும் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ரிசீவரின் உள்ளே பின்சுவரில், போல்ட்டின் அறையைத் தாங்கும் நார்த்தட்டு ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் அடியும் பட்டு அது நைந்து உதிரும். உதிர்ந்தபின் எஃகு எஃகின்மேல் மோதும். இதையும் எளிதில் மாற்றலாம், மாற்றியே ஆக வேண்டும்.

மரத்தில் வரும் ஒரு சிக்கலுக்கு மாற்று இல்லை. 1960களின் பிற்பகுதியில் வால்நட் மரத்தை விரைவாக உலர்த்த உப்பைப் பயன்படுத்தினார்கள். அந்த உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டையைத் தொடும் எஃகையெல்லாம் துருவேற்றியது. பிரவுனிங்கின் பிற துப்பாக்கிகளில் இது அதிகம் தெரிந்தாலும் ஆட்டோ-5உம் முற்றிலும் தப்பவில்லை. அக்காலத்துத் துப்பாக்கியை வாங்கும்போது கட்டைத் தகட்டைக் கழற்றி, அதன் திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குவோரின் வழக்கம்.

சோக்கும் குழலும்

கேஜ் என்பது குழலின் விட்டத்தைக் குறிக்கும் பழைய அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அது 12 கேஜ், ஏறத்தாழ 18.5 மி.மீ. குழல்வாயருகே இந்த விட்டத்தைச் சற்றுக் குறுக்குவதே சோக். முழுச் சோக்கில் குறுக்கம் ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. அந்தச் சிறு வேறுபாடு சிறுகுண்டுகளின் பரவலைப் பெரிதும் மாற்றிவிடுகிறது. 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் முழுச் சோக்கில் ஏறத்தாழ 70 விழுக்காடு குண்டுகளும், நடுத்தரச் சோக்கில் 60 விழுக்காடும், சோக் இல்லாத குழலில் 40 விழுக்காடும் விழும் என்பது பொதுக் கணக்கு.

பெல்ஜியக் குழல்களில் சோக் நிலையாகக் கடையப்பட்டிருக்கும். குழலின் பக்கத்தில் குறி இருக்கும். ஒரு நட்சத்திரம் முழுச் சோக், இரண்டு நட்சத்திரம் நடுத்தரம், மூன்று நட்சத்திரம் சோக் இல்லை. நட்சத்திரத்தின் பக்கத்தில் சிறு கோடு இருந்தால் அதற்கு ஒரு படி தளர்வு. இந்தக் குறிகளைப் படிக்கத் தெரியாமல் முழுச் சோக் குழலை வாங்கிவிட்டு, அருகில் பறக்கும் பறவையைத் தவறவிடுவோர் பலர்.

இரும்புச் சிறுகுண்டு வந்தபின் இது சுடும் திறன் பற்றிய கேள்வியாக மட்டும் இல்லை. ஈயக்குண்டை விழுங்கி நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் செத்ததால், அமெரிக்கா 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தைத் தடைசெய்தது. அது நியாயமான தடை. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் ஈயத்தைப் போல இரும்பு நசுங்கிக் கொடுக்காது. பெல்ஜியத்தில் செய்த பழைய குழல்களின் இறுகிய சோக் வழியே அது போனால் அவ்விடம் புடைத்துவிடலாம். பெல்ஜியக் குழல்களில் இரும்புக் குண்டு வேண்டாம் என்பதே பிரவுனிங் நிறுவனத்தின் அறிவுரை. இதற்குச் சிறந்த வழி, சோக்கைத் திருகி மாற்றும் இன்வெக்டர் அமைப்புடன் ஜப்பானில் செய்த குழல் ஒன்றை வாங்கிப் பூட்டிக்கொள்வது. அதே கேஜ், அதே வகை என்றால் அது பெல்ஜிய ரிசீவரில் பொருந்தும். சிலவேளை முன்கட்டையின் உட்புறத்தைச் சற்று இழைக்க நேரும். மேக்னம் குழலை மேக்னம் அல்லாத ரிசீவரில் பூட்ட முடியாது. பழைய குழலையே கைவிட மனமில்லாதவர் பிஸ்மத் போன்ற மென்மையான மாற்றுக் குண்டுகளைச் சுடலாம், விலை கூடுதல்.

பழைய குழலிலேயே மரையிட்டுத் திருகுசோக் பொருத்துவோரும் உண்டு. குழல்வாயில் உலோகத் தடிமன் போதுமா என்று அளந்தபின், தேர்ந்த பட்டறையில் மட்டுமே செய்ய வேண்டியது இது. சற்றே கோணலாக மரை விழுந்தாலும் குண்டுக் கூட்டம் குறியைவிட்டு விலகும், குழல் வீணாகும்.

16 கேஜ் துப்பாக்கிகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மி.மீ.; இன்றைய தோட்டா 70 மி.மீ. புதிய தோட்டா உள்ளே புகுந்துவிடும். சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் கூடும்; காலித் தோட்டாவும் வாயிலில் சிக்கும். அறையை மட்டும் கடைந்து நீட்டினால் போதாது. தோட்டா வெளியேறும் வாயிலும் அதற்கேற்ப மாற வேண்டும். ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ என்று அன்போடு அழைக்கப்படும் இலகு 16 கேஜை விரும்புவோர், போருக்குப் பிந்தைய துப்பாக்கியைத் தேடுவது மேல்.

குழல்வாய்த் துணைக்கருவிகள்

1930கள் முதல் 1950கள் வரை அமெரிக்கரைப் பிடித்தாட்டிய ஆர்வம் குழல்வாயில் கருவி பூட்டுவது. கடற்படைக் காலாட்படை அதிகாரி ரிச்சர்ட் கட்ஸ் உருவாக்கி லைமன் நிறுவனம் விற்ற கட்ஸ் காம்பென்சேட்டர், பக்கத் துளைகளால் வெடிவாயுவை வெளியேற்றி உதையைக் குறைத்தது. முனையில் வெவ்வேறு சோக் குழாய்களை மாற்றவும் உதவியது. பாலிச்சோக் என்பது விரலால் திருகி இறுக்கத்தை மாற்றும் வகை. ஒரே நிலையான சோக்கோடு காலம் தள்ளிய வேட்டைக்காரருக்கு இவை உண்மையிலேயே பயன்பட்டன.

ஆனால் குழலே ஓடும் துப்பாக்கியில் குழல்வாயில் ஏறும் எடை, ஓடும் எடையில் சேர்கிறது. கனம் கூடிய குழல் மெதுவாக நகரும். காம்பென்சேட்டர் உதையையும் குறைப்பதால் இயக்கத்துக்குக் கிடைக்கும் ஆற்றல் இன்னும் குறையும். உராய்வு அமைப்பை அதற்கேற்பச் சரிசெய்யாவிட்டால் இலகுத் தோட்டாக்கள் இயங்காமல் நிற்கும். மேலும், இவற்றைப் பூட்டக் குழலை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய குழலில் மூலச் சோக் திரும்ப வராது. இன்று திருகுசோக் குழல்கள் எளிதில் கிடைக்கும்போது, நல்ல பெல்ஜியக் குழலை இதற்காக வெட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஏற்கெனவே வெட்டிப் பூட்டிய துப்பாக்கி மலிவாகக் கிடைத்தால் வாங்கிச் சுடலாம். அது வேறு விஷயம்.

குழலைக் குட்டையாக்குவதில் சட்டமும் குறுக்கிடுகிறது. அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டம், 18 அங்குலத்துக்குக் குறைவான குழலுள்ள ஷாட்கன்களைத் தனிப் பதிவுக்குள் கொண்டுவந்தது. அனுமதியின்றி வெட்டுவது அங்கே கடுங்குற்றம்.

கட்டை, செருகி, பிற

தோள்பட்டையின் அளவுக்குக் கட்டையின் நீளம் பொருந்தாவிட்டால் குறி தவறும். ரப்பர் மெத்தை பொருத்தி உதையைக் குறைப்பது பரவலான மாற்றம். மரத்தை வெட்டாமல் மேலே மாட்டும் உறைவகை மெத்தையே பழைய துப்பாக்கிக்கு ஏற்றது. மூலக் கட்டைத் தகட்டோடு வெட்டுப்படாத கட்டை இருந்தால் சேகரிப்பாளர் தரும் விலையே வேறு. தினமும் சுடுவதற்கென ஒரு மாற்றுக் கட்டை வாங்கி, மூலக் கட்டையைப் பத்திரப்படுத்துவது இன்னும் நல்லது.

தோட்டாக் குழாய்க்குள் போடும் மரச்செருகி மிகச் சிறிய துணைக்கருவி; ஆனால் வரலாற்றில் கனமானது. அரைத் தானியங்கிகளும் பம்ப் துப்பாக்கிகளும் பறவைக் கூட்டங்களை அழிப்பதாக எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, 1935இல் அமெரிக்க நடுவணரசு வலசைப் பறவை வேட்டையில் மூன்று தோட்டாக்களுக்குமேல் கொள்ளும் ஷாட்கன்களைத் தடைசெய்தது. அதிலிருந்து ஆட்டோ-5 செருகியோடுதான் நீர்நிலைகளுக்குப் போகிறது. செருகியை எடுத்துவிட்டுப் போவதைத் திறமையாகக் கருதுவோர், இன்று வாத்துகள் மிச்சமிருப்பதற்கு இத்தகைய விதிகளும் காரணம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பிரவுனிங் பெயரில் வந்தவற்றில் ரிசீவரின் இடப்புறம் ‘கட்-ஆஃப்’ எனும் சிறு நெம்பு உண்டு. ரெமிங்டன் மாடல் 11இல் அது இல்லை. அதைத் திருப்பினால் குழாயிலுள்ள தோட்டாக்கள் மேலேறாது. வேலி தாண்டும்போது அறையை மட்டும் காலிசெய்யவும், வேறு வகைத் தோட்டா ஒன்றை இடையில் போடவும் இது உதவும். தொடக்கக்காலத் துப்பாக்கிகளில் பாதுகாப்புத் தடை விசைவளையத்துக்குள், விசைக்கு முன்னால் இருந்தது. தடையை எடுக்க விரல் விசைவளையத்துக்குள் போக வேண்டும் என்பதால் அது ஆபத்தானது. பின்னாளில் விசைக்குப் பின்னால் குறுக்காகத் தள்ளும் தடை வந்தது. பழைய தடையுள்ள துப்பாக்கியைப் பழகாதவர் கையில் கொடுக்கக் கூடாது.

அதே பெயரில் புதியது

2012இல் பிரவுனிங் நிறுவனம் ‘ஏ5’ என்ற பெயரில் கூன் வடிவத்தோடு புதிய துப்பாக்கியை வெளியிட்டது. தோற்றம் ஒத்திருந்தாலும் இயக்கம் முற்றிலும் வேறு. அதில் குழல் அசையாது. போல்ட்டின் நிலைமத்தையும் அதற்குள் இருக்கும் வில்லையும் கொண்டு இயங்கும் முறை. உராய்வு வளையம் எதுவும் அதில் இல்லை. எனவே புதிய ஏ5க்கு எழுதிய பராமரிப்புக் குறிப்புகள் பழைய ஆட்டோ-5க்குப் பொருந்தா. உதிரிபாகம் கேட்கும்போதும் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பழைய ஆட்டோ-5 ஒன்றைப் புதிதாகப் பெறுபவர், முதல் தோட்டாவைச் சுடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. துப்பாக்கி காலி என்று உறுதிசெய்துகொண்டு முன்கட்டையைக் கழற்றுங்கள். வளையங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். தோட்டா அறையின் நீளத்தைத் தகுந்தவரிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். சுருள்வில்லையும் நார்த்தட்டையும் மாற்றிவிடுங்கள். அரமும் வாளும் எடுக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு வேறொரு துப்பாக்கியைத் தேடிக்கொள்ளுங்கள்.